பழைய ஹேண்ட் ட்ராப்: பார்த்து வாங்கி, பழுது நீக்கி, வீசிப் பழக

துப்பாக்கிச் சுடுதலில் ட்ராப் என்று ஒரு பிரிவு உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டாரே, அதுதான். தட்டு ஒன்று விர்ரென்று பறக்கும், சுடுபவர் அதைத் தூளாக்குவார். அந்தத் தட்டைக் களிமண் புறா என்பார்கள். பெரிய மைதானங்களில் அதை மின்சார இயந்திரம் வீசுகிறது. அதே தட்டைக் கையில் பிடித்து வீசவும் ஒரு கருவி இருக்கிறது, அதன் பெயர் ஹேண்ட் ட்ராப். மரக் கைப்பிடி, அதன் முனையில் தட்டின் விளிம்பைக் கவ்வும் தகட்டு வாய், ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான்.

நான் ஒஹாயோவில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் மகள் ஃபோர்-எச் என்ற சிறுவர், இளைஞர் அமைப்பின் சுடுதல் பயிற்சிக்குப் போகிறாள். நான் சுடுவதில்லை. அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் தட்டு வீசுவது என் வேலை. எங்கள் வட்டாரத்தில் ஒரு வயதானவர் இறந்துபோனால் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அந்த எஸ்டேட் சேல்களில் பழைய ஹேண்ட் ட்ராப்கள் மண்வெட்டிக்கும் மீன்தூண்டிலுக்கும் நடுவில் கிடக்கும். விற்பவருக்கே பெரும்பாலும் அது என்னவென்று தெரியாது. நான் அவற்றை வாங்கித் துடைத்து, அவற்றாலேயே வீசுகிறேன். இந்தக் கருவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எண்பது, தொண்ணூறு வருடம் ஆனாலும் நல்ல நிலையில் இருந்தால் அது வீசத்தான் வேண்டும்.

எங்கிருந்து வந்தது

வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் சந்தையில் கண் சரியாக வேலை செய்யும்.

முதலில் உயிருள்ள புறாக்களைத்தான் சுட்டார்கள். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெட்டியில் அடைத்த புறாவைக் கயிறிழுத்துத் திறந்துவிட்டுச் சுடும் பந்தயம் நடந்தது. லண்டனில் 1869-இல் தொடங்கிய ஹர்லிங்ஹாம் கிளப் இதற்காகவே பிறந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். பெல்ஜியத்தின் லியோன் த லுண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலில் வந்தார். படிக்கும்போதே மனசு கசக்கிற விஷயம் இது. ஹர்லிங்ஹாம் 1905-இல் நிறுத்தியது. அடைத்து வைத்த பறவையை விட்டுச் சுடுவதற்கே 1921-இல் பிரிட்டன் தடைச் சட்டம் போட்டது.

புறாவுக்கு மாற்றாக முதலில் வந்தது கண்ணாடிப் பந்து. பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் போர்ட்லாக் 1860களில் அதை அமெரிக்காவில் பரப்பினார். கேப்டன் ஆடம் போகார்டஸ் 1877-இல் பந்து வீசும் இயந்திரத்துக்கும், வழுக்காமல் குண்டு பட்டதும் உடைவதற்காக மேலே வரி வரியாகப் புடைப்பு வைத்த பந்துக்கும் காப்புரிமை வாங்கினார். 1878 ஜனவரியில் நியூயார்க்கில் 500 நிமிடத்துக்குள் 5,000 பந்துகளை உடைத்துக் காட்டியவர் அவர். போகார்டஸ் பெயர் இந்த விளையாட்டைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் வரும். அன்றைக்கு ஒவ்வொரு பந்தாக எடுத்து இயந்திரத்தில் வைத்துக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீசுகிறவள் என்ற முறையில் எனக்கு அது உறுத்துகிறது.

கண்ணாடிப் பந்தில் சிக்கல் இரண்டு. மைதானம் முழுக்கச் சில்லு. பந்து மேலே போய்க் கீழே வரும், அவ்வளவுதான். பறவை மாதிரி தாழப் பறக்காது. இதைத் தீர்த்தவர் எங்கள் சின்சினாட்டிக்காரர். ஜார்ஜ் லிகாவ்ஸ்கி என்பவர் 1880 செப்டம்பர் 7 அன்று தட்டையான, கவிழ்த்த சட்டி வடிவத் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆற்றங்கரையில் பையன்கள் சிப்பியைத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிந்ததைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். நாம் குளத்தில் தவளைக்கல் விடுவோமே, அதேதான். இந்தக் கருவியை எப்படி வீச வேண்டும் என்பதற்கும் அதுதான் முழுப் பாடம், பிறகு வருகிறேன்.

லிகாவ்ஸ்கியின் தட்டு நிஜமான சுட்ட களிமண். விளிம்பில் ஓர் அட்டை நாக்கு ஒட்டியிருக்கும், இயந்திரம் அதைப் பிடித்து வீசும். மண் ரொம்பக் கெட்டி. குண்டு பட்டால் மணி அடித்த மாதிரி சத்தம் கேட்கும், தட்டு முழுசாகக் கீழே வரும். 1883-இல் போகார்டஸும் டாக்டர் கார்வர் என்ற இன்னொரு சுடுவீரரும் இந்தத் தட்டுகளை வைத்து ஊர் ஊராக 25 பந்தயம் நடத்தினார்கள். கார்வர் 19-இல் வென்றார். தட்டுக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது. ஆனாலும் பிறகு வந்தவர்கள் மண்ணை விட்டுவிட்டுக் கீலையும் (தார் மாதிரியான கறுப்புப் பொருள்) சுண்ணாம்புக்கல் பொடியையும் கலந்து வார்த்தார்கள். இன்றைக்கும் பல தட்டுகளில் அந்தக் கலவைதான். களிமண் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தட்டு வந்த பிறகு கையால் வீசுவது சாத்தியமாயிற்று. கிளப்புக்குப் போகாத விவசாயிக்கும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போகிறவருக்கும் தரையில் பதிக்கும் கனமான இயந்திரம் எதற்கு? 1910களில் டூபான்ட் நிறுவனம் ஹேண்ட் ட்ராப் விற்றது. வெடிமருந்து செய்யும் கம்பெனி அது. வீட்டுக்கு வீடு தட்டு பறந்தால் தோட்டா விற்கும், தோட்டா விற்றால் மருந்து விற்கும். வெஸ்டர்ன், ரெமிங்டன் போன்ற தோட்டாக் கம்பெனிகளும் இதே காரணத்துக்காகத்தான் இதில் இறங்கின.

வயதைக் கண்டுபிடிப்பது

கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது எழுத்து. வாயின் தகட்டிலும் கைப்பிடியின் பூணிலும் பொறித்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து சாய்வு வெளிச்சத்தில் எழும்பும்.

காப்புரிமைத் தேதி மட்டும் இருந்தால் கருவி பெரும்பாலும் 1927-க்கு முந்தையது. அந்த வருடத்துக்குப் பிறகு தேதிக்குப் பதில் காப்புரிமை எண் பொறிக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. எண் இருந்தால் வேலை இன்னும் எளிது. இணையத்தில் அமெரிக்கக் காப்புரிமைப் பதிவில் போட்டால் வரைபடத்தோடு வந்துவிடும். அந்த வரைபடத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஸ்பிரிங் எங்கே இருக்க வேண்டும் என்பது அதில்தான் தெரியும். தேதி அரைகுறையாகத் தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகும். போகார்டஸ் பந்தில் பொறித்திருக்கும் 1877 ஏப்ரல் 10 செவ்வாய், லிகாவ்ஸ்கியின் செப்டம்பர் 7-உம் செவ்வாய். நீங்கள் படித்த தேதி வேறு கிழமையில் விழுந்தால் 3-ஐ 8 என்றோ 1-ஐ 7 என்றோ படித்திருப்பீர்கள். காலண்டரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். தேதி சொல்வது காப்புரிமையின் வயதை. கருவி அதற்குப் பத்து வருடம் கழித்துக்கூடச் செய்ததாக இருக்கலாம். கம்பெனிப் பெயர் உதவும்: வெஸ்டர்ன், வின்செஸ்டர் இரண்டும் சேர்ந்து இருந்தால் 1931-க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த வருடக் கடைசியில்தான் வெஸ்டர்ன் வின்செஸ்டரை வாங்கியது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

துரு பெரிய விஷயமே இல்லை. மேல்துரு துடைத்தால் போகும். பயப்பட வேண்டியது கைப்பிடியின் விரிசலுக்கு. வீசும்போது முழு விசையும் மரமும் தகடும் சேரும் இடத்தில்தான் விழும். ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் வாயையும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் பூணுக்குள் மரம் தளர்ந்திருக்கிறது, அல்லது ரிவெட் ஆடுகிறது. பூணுக்குக் கீழே நீளவாக்கில் விரிசல் இருந்தால் வீசுவதற்கு வாங்காதீர்கள். உடைந்தால் தகட்டு வாய் தனியாகப் பறக்கும்.

அடுத்து வாய். கூடவே ஒரு தட்டு கொண்டுபோவது நல்லது. இப்போதைய அமெரிக்கத் தட்டு ஏறக்குறைய 108 மில்லிமீட்டர் அகலம், சர்வதேசப் போட்டித் தட்டு 110. அதைச் செருகிக் கருவியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டு விழக் கூடாது. கட்டைவிரலால் விளிம்பைத் தள்ளினால் முரண்டு பிடிக்காமல் உருண்டு வெளியே வர வேண்டும். 'உருண்டு' என்பதுதான் இதில் முக்கியம். தட்டு வாயிலிருந்து நேராக வழுக்கி வெளியே வருவதில்லை. அதன் ஒரு பக்க விளிம்பு வாயின் உள்பட்டையில் அழுந்தி, அந்தப் பட்டை நெடுக உருண்டபடியே வெளியேறுகிறது. அந்த உருளல்தான் சுழற்சி. சுழலாத தட்டு நாலடியில் குப்புற விழும். சுழலும் தட்டு சாயாமல் நின்று காற்றை ஏறிப் போகும். பல கருவிகளில் அந்தப் பட்டையில் ரப்பர் ஒட்டியிருப்பார்கள். பழையதில் அது கல்லாக இறுகிப் பளபளவென்று இருக்கும். அது குறையே அல்ல, மாற்றிவிடலாம்.

இடக்கைக்காரர்கள் கவனிக்க வேண்டும். பல பழைய கருவிகளின் வாய் வலக்கை வீச்சுக்கு மட்டுமே திறந்திருக்கும்.

விலை என்னைக் கேட்டால், பெயரில்லாத ஒன்றுக்கு 20, 30 டாலருக்கு மேல் கொடுக்க மாட்டேன். கம்பெனி முத்திரை தெளிவாக இருந்து, பழைய பெயின்ட்டும் மிச்சமிருந்தால் கொஞ்சம் கூடக் கொடுப்பேன்.

துடைப்பது

இங்கே என் கட்சி கறாரானது: குறைவாகச் செய்யுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பொறித்த எழுத்து ஒரு தலைமுடி ஆழம்தான் இருக்கும், ஒரு நிமிட உப்புத்தாளில் போய்விடும். புது பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள்.

வாயின் உள்பக்கம் கறுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கீல். எத்தனையோ வருடத் தட்டுகள் விட்டுப்போன கறை. கையுறை போட்டுக்கொண்டு, டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தால் கரையும். பிறகு துருவுள்ள இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (எஃகு நார்) ஒரே திசையில் தேய்க்க வேண்டும். செம்பழுப்பு போய்க் கருஞ்சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தச் சாம்பல் பூச்சு இரும்பைக் காக்கும். பளபளக்கத் தேய்த்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி துரு.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சூடு காட்டி வளைக்க நினைக்காதீர்கள். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். விங் நட் (விரலால் திருகும் சிறகு வடிவ நட்) வைத்த மாதிரியாக இருந்தால் அரைச் சுற்று முறுக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

இறுகிய ரப்பரை மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, சைக்கிள் டியூபில் அதே அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி ஒட்டலாம். ரொம்பத் தடிமனாக இருந்தால் தட்டு சிக்கும். எடுத்த பழைய ரப்பரை ஓர் உறையில் போட்டு, எந்தக் கருவியுடையது என்று எழுதி வைப்பேன். அடுத்து வாங்குகிறவருக்கு அது வேண்டியிருக்கலாம்.

மரத்துக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துளித்துளியாகத் தேய்த்து ஊற விடுங்கள். மிக முக்கியமான எச்சரிக்கை: லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காய வைத்து, மொடமொடவென்று ஆன பிறகுதான் எறிய வேண்டும்.

வீசுவது

முதலில் துப்பாக்கியே இல்லாமல் ஆளில்லாத வயலில் வீசிப் பழகுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம், ஏனென்றால் தட்டு வாயிலேயே உடைந்தால் சில்லு முகத்துக்கு வரும்.

தட்டின் குமிழ் மேலே பார்க்கும்படி செருகுங்கள். வலக்கைக்காரர் இடது கால் முன்னே வைத்து நிற்க வேண்டும். கை பின்னால் போய், இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையாக வர வேண்டும், தவளைக்கல் விடும் அதே வீச்சு. தலைக்கு மேலிருந்து வீசினால் தட்டு செங்குத்தாக நின்று காற்றை வெட்டி மண்ணில் குத்தும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலேயே வெடுக்கென்று இழுப்பார்கள். தட்டு பாதி வழியிலேயே கழன்று பக்கவாட்டில் போகும், அல்லது விளிம்பு நொறுங்கும். முதல் பாதி மெதுவாக, கை பக்கவாட்டைத் தாண்டும்போது வேகம், கடைசியில் மணிக்கட்டு. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, "தட்டை நீ எறியாதே, அது கிளம்புகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய் விடு" என்று. சரியாகக் கிளம்பினால் கைப்பிடியில் ஒரு சின்ன அதிர்வு தெரியும், கூடவே 'ஸ்ர்ர்' என்று ஓர் ஓசை. அந்த ஓசை வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, தட்டு முப்பத்தைந்து, நாற்பது கஜம் போகும்.

வாயின் முன்நுனி கொஞ்சம் மேலே பார்த்தால் தட்டு ஏறும். வெளிப்பக்கம் சாய்ந்தால் வளைந்து போகும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பழகிய பிறகு சேர்த்துப் பழகுங்கள்.

சுடுபவருக்கு வீசும்போது

நிற்கும் இடத்தில் விளையாட்டுக் கூடாது. வலக்கையால் வீசுகிறவர் சுடுபவருக்கு வலப்பக்கம், ஓரிரு அடி பின்னால். அப்போதுதான் உங்கள் கை அவர் மேல் படாது, துப்பாக்கி வாய்க்கு முன்னாலும் நீங்கள் வர மாட்டீர்கள். இடக்கைக்காரர் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற எல்லோரும் பின்னால். முன்புறம் 300 கஜத்துக்கு வீடோ ரோடோ ஆடுமாடோ இருக்கக் கூடாது. நில உரிமையாளரின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் தட்டைச் செருகி நிமிர்ந்து தயார் ஆன பிறகுதான் அவர் தோட்டா போட வேண்டும். அவர் 'புல்' (ஆங்கிலத்தில் 'இழு') என்று சொன்ன பிறகுதான் நீங்கள் வீச வேண்டும்.

இயந்திரம் யார் வந்தாலும் ஒரே மாதிரி வீசும். உங்களால் ஆளைப் பார்த்து வீச முடியும். ஒரு பெண் முதல் தடவை துப்பாக்கி எடுத்து நிற்கிறாள் என்றால், அவள் தோள் இறுகியிருப்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவளுக்கு நேர் எதிரே, மெதுவாக, தாழ்வாக ஒரே கோட்டில் வீசிக்கொண்டிருப்பேன், ஒன்று உடையும் வரை. உடைந்த பிறகும் உடனே மாற்ற மாட்டேன், அதே தட்டை இன்னும் சில தடவை கொடுப்பேன். அப்புறம்தான் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. நாலைந்து தவறவிட்டு முகம் வாடினால் மறுபடி நேர்த் தட்டுக்கு வருவேன். நன்றாகச் சுடுகிற என் மகளுக்கு வேறு கணக்கு: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்த்து வீசி, அவள் எதிர்பார்க்காத இடத்தில் தட்டை எழுப்புவேன்.

நிமிடத்துக்கு நான்கைந்துக்கு மேல் வீசாதீர்கள். தோள்பட்டை ராத்திரி கணக்குக் கேட்கும்.

வீசி முடித்த பிறகு

எல்லோரும் காருக்குப் போகும்போது நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு சில்லு பொறுக்கப் போவேன். பிள்ளைகளையும் கூப்பிடுவேன். பழைய வகைத் தட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீல், அது நச்சு. பன்றிகள் மேய்கிற நிலத்தில் இந்தச் சில்லைத் தின்று செத்த கதைகள் கால்நடை மருத்துவர்களிடம் நிறைய உண்டு. கடையில் வாங்கும்போது பெட்டியில் மக்கும் வகை என்று போட்டதாகக் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. பழைய சந்தையில் கறுப்புக் கீல் தட்டுகள் முழுசாகக் கிடைத்தால் வீசாதீர்கள், சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கருவியின் வாயில் தட்டு எதுவும் செருகியிருக்கக் கூடாது, ஸ்பிரிங் நீட்டிய நிலையில் கிடந்தால் தளர்ந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை இழுத்துவிட்டு, ஈரமில்லாத அலமாரியில் படுக்க வைத்தால் போதும்.